அன்சிபிள்: ரீஜெக்ஸ் பொருந்துகிறது, 'சேஞ்ச்டு' வருகிறது, ஆனாலும் எஸ்எஸ்ஹெச் பாஸ்வேர்டு லாகின் அணையவில்லை

நெய்தல்_ஆப்ஸ் (கேள்வி)

டெபியன் 12, உபுண்டு 22.04 இரண்டும் கலந்த சர்வர்கள். எல்லாவற்றிலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டு லாகினை அணைக்க, சர்வர்களைத் தானாக அமைக்கும் அன்சிபிள் கருவியில், எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் ஃபைலின் மேல் லைன்இன்ஃபைல் (ஃபைலில் ஒரு வரியைத் தேடி மாற்றும் மாட்யூல்) டாஸ்க் ஒன்று ஓடுகிறது. ரீஜெக்ஸ் என்பது வரியைத் தேடும் பேட்டர்ன். டைரக்டிவ் (அமைப்பு விசை) பெயர்களை இங்கே ஒலிபெயர்த்து எழுதுகிறேன், ஃபைலில் இருப்பது வழக்கமான பெயர்தான்.

ரீஜெக்ஸ்: '^ *#? *பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்'
லைன்: 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ'

முதல் ஓட்டத்தில் 'சேஞ்ச்டு', இரண்டாவதில் 'ஓகே'. அதனால் டாஸ்க் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் விளைவு மூன்று விதமாக இருக்கிறது:

சில சர்வர்களில் லாகின் அணைந்துவிட்டது. சிலவற்றில் ஃபைலின் கீழ்ப்பகுதியில் 'நோ' வரி வந்திருக்கிறது, மேலே 'யெஸ்' வரி அப்படியே நிற்கிறது, லாகினும் திறந்தே இருக்கிறது. மூன்றாவது வகையில் முதன்மை ஃபைலில் 'யெஸ்' எங்குமே இல்லை, ஆனாலும் எஸ்எஸ்ஹெச்டி-யை (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்க டீமன்) நடப்பு அமைப்பைக் காட்டும் பெரிய டி ஆப்ஷனுடன் ஓட்டினால் 'யெஸ்' என்கிறது. ஹேண்ட்லர் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) சர்வீஸை ரீலோட் செய்கிறது, அதில் குறை இல்லை.

# இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிக்கும்படி '#?' போடுவது எல்லா ரோல்களிலும் காண்கிற வழக்கம். எந்த வரியை எடுப்பது என்று மாட்யூல் எப்படி முடிவு செய்கிறது?

இதோடு இன்னொன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் போர்ட்டை 5432-இலிருந்து 5433 ஆக்கும் டாஸ்க், வரியின் வலப்பக்கக் குறிப்பு அழியாமல் இருக்க பேக்ரெஃப்ஸ் (பேட்டர்னில் அடைப்புக் குழுக்கள் பிடித்ததை \1, \2 என்று திரும்ப எழுதுவது) போட்டது:

ரீஜெக்ஸ்: '^#?(போர்ட் = )[0-9]+(.*)$'
லைன்: '\15433\2'

ஓடிய பிறகு 'போர்ட் =' மொத்தமும் காணாமல் போய், அந்த இடத்தில் சிறிய எல் எழுத்தும் 33-உம், பின்னால் பழைய குறிப்பும் இருக்கின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

செங்குன்றன்

லைன்இன்ஃபைல் ஒவ்வொரு வரியிலும் ரீஜெக்ஸைத் தேடிப் பார்க்கும். பல வரிகள் பொருந்தினால் கடைசியாகப் பொருந்திய ஒன்றை மட்டும் மாற்றும். ஆவணத்திலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

எஸ்எஸ்ஹெச்டி படிக்கும் முறை இதற்கு நேர் எதிர்: ஒரே டைரக்டிவ் இருமுறை வந்தால் முதலில் கிடைத்த மதிப்பே செல்லும். மாட்யூல் கடைசியைத் திருத்துகிறது, டீமன் முதலாவதைப் படிக்கிறது. உங்கள் இரண்டாம் வகை சர்வர்களில் நடப்பது இதுதான்.

சரி, ஒரே வரிதானே இருக்க வேண்டும், இரண்டாவது எங்கிருந்து வந்தது? டெபியன் தரும் ஃபைலில் யூஸ்பாம் டைரக்டிவுக்கு மேலே ஒரு நீண்ட ஆங்கில விளக்கக் குறிப்பு உண்டு. அந்தப் பத்தி வரி உடையும் இடத்தில், ஒரு வரி '# பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன்.' என்றே தொடங்குகிறது. # குறி, ஒரு இடைவெளி, டைரக்டிவ் பெயர், பிறகு முற்றுப்புள்ளி. உங்கள் பேட்டர்ன் அதையும் பிடிக்கும். உண்மையான வரி அதற்கு மேலே இருப்பதால், கடைசிப் பொருத்தம் இந்த விளக்க வரிதான். ஃபைலைத் திறந்து பாருங்கள், அந்தப் பத்தியின் நடு வாக்கியம் அறுந்து, அங்கே உங்கள் 'நோ' வரி உட்கார்ந்திருக்கும். முதல் வகை சர்வர்களில் மேலே உள்ள உண்மை வரி #-ஓடு அணைந்திருந்ததால் இது தற்செயலாக வேலை செய்திருக்கிறது.

எக்ஸ்11ஃபார்வர்டிங்கிலும் இதே கதைதான். ஃபைலின் அடியில் மாதிரிக்காகக் கொடுத்த மேட்ச் பிளாக்கில் (குறிப்பிட்ட பயனருக்கோ குழுவுக்கோ மட்டும் பொருந்தும் பகுதி), # போட்டு ஒரு டேப் விட்டு, அதே பெயர் இருக்கிறது. #-க்குப் பின் வெற்றிடத்தை அனுமதிக்கிற எந்தப் பேட்டர்னும் அங்கே போய் விழும்.

ஆகவே பேட்டர்னை இறுக்குங்கள்:

ரீஜெக்ஸ்: '^#?பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் +(யெஸ்|நோ)'

# ஒட்டியே பெயர், பெயருக்குப் பின் கட்டாயம் இடைவெளி, அதற்குப் பின் மதிப்பு. அணைத்து வைத்த டைரக்டிவை இந்த ஃபைலில் #-ஐ ஒட்டியே எழுதுகிறார்கள், விளக்க உரையை # இட்டு இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வரியின் தொடக்கத்தில் ' *' போடாததற்கும் காரணம் உண்டு: மேட்ச் பிளாக்குக்குள் உள்தள்ளி எழுதிய வரி கடைசிப் பொருத்தமாகி, பொது அமைப்புக்குப் பதில் அது மாறிவிடும்.

இன்னும் ஒன்று பாக்கி. ரீஜெக்ஸ் எங்குமே பொருந்தவில்லை என்றால் லைன்இன்ஃபைல் வரியை ஃபைலின் கடைசியில் சேர்க்கும். உண்மையான மேட்ச் பிளாக் இருக்கும் ஃபைலில் 'கடைசி' என்றால் அந்தப் பிளாக்குக்குள் என்று பொருள். மேட்ச் பிளாக் அடுத்த மேட்ச் வரும்வரை அல்லது ஃபைல் முடியும்வரை நீளும். அந்தப் பிளாக் எஸ்எஃப்டிபி (ஃபைல் பரிமாற்றம்) குழுவுக்கானது என்றால், அந்தக் குழுவுக்கு மட்டும் பாஸ்வேர்டு அணைந்து, மற்ற அனைவருக்கும் திறந்திருக்கும். 'இன்செர்ட்பிஃபோர்'-க்கு பிஓஎஃப் கொடுங்கள், புது வரி ஃபைலின் உச்சியில் போகும். முதலில் வருவது வெல்லும் ஃபைலுக்கு அதுவே சரியான இடம்.

'வேலிடேட்' (ஃபைலை வைக்கும் முன் சோதிக்கும் கட்டளை) கட்டாயம். எஸ்எஸ்ஹெச்டி-யின் முழுப் பாதை, சிறிய டி, பிறகு எஃப் ஆப்ஷன், அதன் பின் தற்காலிக ஃபைலுக்கான சதவீதக் குறியும் எஸ்-உம். ஆனால் இது இலக்கணப் பிழையை மட்டுமே பிடிக்கும். நடைமுறையில் எந்த மதிப்பு செல்கிறது என்று தெரிய, தனி டாஸ்க்கில் பெரிய டி-யுடன் ஓட்டி வெளியீட்டைச் சரிபாருங்கள்.

மூன்றாம் வகை சர்வர்கள் பற்றி: ஃபைலின் உச்சியில் 'இன்க்ளூட்' (வேறு ஃபைல்களை உள்ளே இழுக்கும்) வரி இருக்கும். எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி டைரக்டரியில் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் இருக்கிறதா பாருங்கள். அது உங்கள் வரிக்கு முன்பே படிக்கப்படுகிறது, அதிலுள்ள 'யெஸ்' வென்றுவிடும்.



முகில்வண்ணன்

போஸ்ட்கிரெஸ் விஷயத்துக்கு வருகிறேன். '\15433' என்பதை நீங்கள் "முதல் குழு, பிறகு 5433" என்று படிக்கிறீர்கள். அன்சிபிள் ஓடும் மொழியான பைத்தான் அப்படிப் படிக்காது. மாற்று உரையில் பேக்ஸ்லாஷுக்குப் பின் மூன்று எட்டடிமான (0 முதல் 7 வரை) இலக்கங்கள் தொடர்ந்து வந்தால், அதை ஒரு எழுத்தின் குறியீடாக எடுத்துக்கொள்ளும். \154 என்பது எட்டடிமானத்தில் 64 + 40 + 4 = 108. ஆஸ்கி 108 என்பது சிறிய எல். மீதி 33 அப்படியே, பிறகு \2 பழைய குறிப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. பைத்தானைப் பொறுத்தவரை எல்லாமே செல்லுபடியாகும் என்பதால் பிழை வரவில்லை. மதிப்பு 80 ஆக இருந்திருந்தால் '\180'-ஐப் பதினெட்டாவது குழு என்று எடுத்து, 'இன்வேலிட் குரூப் ரெஃபரன்ஸ்' என்று உடனே விழுந்திருக்கும்.

எண் தொடரும் இடத்தில் எப்போதும் பேக்ஸ்லாஷ், ஜி, கோண அடைப்புக்குள் 1 என்ற நீண்ட வடிவத்தை எழுதுங்கள். எண்ணை வேரியபிளிலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால் இது மிக முக்கியம், ஏனென்றால் டெம்ப்ளேட் விரிந்த பிறகுதான் பைத்தான் அந்த உரையைப் பார்க்கிறது. பிளேபுக்கில் (டாஸ்க்குகளை எழுதும் ஃபைல்) இரண்டுக்கும் நடுவே சுருள் அடைப்பு தெரியும், பைத்தானுக்கு அது தெரியாது.

இன்னொன்றும் கவனியுங்கள்: பேக்ரெஃப்ஸ் இருக்கும்போது ரீஜெக்ஸ் பொருந்தாவிட்டால் ஃபைல் தொடப்படாது, 'ஓகே' என்று மட்டும் வரும். உங்கள் வரி கெட்டுப்போன பிறகு பேட்டர்ன் இனிப் பொருந்தாது. ஆகவே டாஸ்க் எத்தனை முறை ஓடினாலும் பச்சைதான். போஸ்ட்கிரெஸ் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் எழ மறுக்கும்.

பேக்ஸ்லாஷ் பற்றிப் பேசும்போது கோட் குறிகளையும் சொல்லிவிட வேண்டும், பாதிப் பிரச்சினை அங்கேதான்.

யாமலில் (பிளேபுக் எழுதப்படும் வடிவம்) டபுள் கோட்டுக்குள் பேக்ஸ்லாஷுக்கு யாமலே அர்த்தம் வைத்திருக்கிறது. "\1", "\.", பேக்ஸ்லாஷ்-எஸ், பேக்ஸ்லாஷ்-டி (சிறிய, எண்ணுக்கானது) எல்லாம் அதற்குத் தெரியாதவை, எனவே பிளேபுக் ஏறும்போதே பிழை சொல்லும். அது நல்லது. ஆபத்தானது பேக்ஸ்லாஷ்-பி. சொல்லெல்லை என்று நினைத்து எழுதுவீர்கள், யாமலுக்கு அது பேக்ஸ்பேஸ் எழுத்து. சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ரீஜெக்ஸ் எதிலும் பொருந்தாது, லைன்இன்ஃபைல் வரியைக் கடைசியில் சேர்த்துவிடும். ரீஜெக்ஸ் என்றாலே சிங்கிள் கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டே போடாமலும் எழுதாதீர்கள்: இடைவெளிக்குப் பின் # வந்தால் யாமல் அதற்கு மேல் எல்லாவற்றையும் கமென்ட் என்று வெட்டிவிடும்.

ஜிஞ்சா (அன்சிபிளின் டெம்ப்ளேட் மொழி) சேர்ந்தால் இன்னொரு அடுக்கு. ரீஜெக்ஸ்_ரிப்ளேஸ் ஃபில்டரைப் பிளேபுக்கில் டபுள் கோட் மதிப்புக்குள் எழுதினால் '\\1'. '>-' போட்டு அடுத்த வரியில் எழுதினால் '\1' போதும், ஜிஞ்சாவுக்கான இரட்டிப்பை அன்சிபிளே செய்துகொள்ளும். ஆனால் டெம்ப்ளேட் ஃபைலுக்குள் அந்த உதவி கிடையாது. அங்கே '\1' எழுதினால் குறியீடு 1 கொண்ட கட்டுப்பாட்டு எழுத்து வெளியே போகும். கண்ணுக்குத் தெரியாது, 'கேட்' கட்டளையைப் பெரிய ஏ ஆப்ஷனுடன் ஓட்டினால்தான் தெரியும். டெம்ப்ளேட் ஃபைலில் '\\1' எழுதுங்கள்.

இதே ஃபில்டரில் '(.*)' என்று நங்கூரம் இல்லாமல் எழுதாதீர்கள். பைத்தான் 3.7 முதல் அது முழு உரையை ஒரு முறையும், முடிவில் உள்ள வெற்று உரையை மறுமுறையும் பிடிக்கும். பின்னொட்டு ஒன்றைச் சேர்க்க நினைத்தால் இரண்டு முறை சேரும். '^(.*)$' என்று எழுதினால் ஒரே முறை.

நெய்தல்_ஆப்ஸ்

மிக்க நன்றி. விளக்கப் பத்தி அறுந்திருப்பதை ஃபைலில் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

இரண்டு தொடர் கேள்விகள். ஒன்று, சிஸ்கன்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) விசைகளை லூப்பில் வைத்து '^' + விசை என்று பேட்டர்ன் கட்டினால் போதுமா? இரண்டு, கிரப் (பூட் லோடர்) அமைப்பில் கமாண்ட்லைன் மேற்கோளுக்குள் 'ஆடிட்=1' சேர்க்க வேண்டும், ஏற்கெனவே இருந்தால் மறுபடி சேரக் கூடாது.

செங்குன்றன்

விசையைக் கட்டாயம் ரீஜெக்ஸ்_எஸ்கேப் ஃபில்டர் வழியாக விடுங்கள். விசைகளில் புள்ளிகள் இருக்கின்றன, புள்ளி எந்த எழுத்தையும் பிடிக்கும். நடைமுறையில் அதைவிடப் பெரிய தொல்லை முன்னொட்டு: ஐபி_ஃபார்வர்ட் என்று முடியும் விசைக்கான பேட்டர்ன், ஐபி_ஃபார்வர்ட்_யூஸ்_பிஎம்டியூ விசையையும் பிடிக்கும். அது கீழே இருந்தால் அதுவே மாறும். எனவே விசைக்குப் பின் ' *=' கட்டாயம். ஜிஞ்சாவில் '|' குறி '+'-ஐவிட இறுக்கமாகப் பிணைக்கும், அதனால் '^' + விசை | ரீஜெக்ஸ்_எஸ்கேப் + ' *=' என்று எழுதினால் விசை மட்டுமே எஸ்கேப் ஆகும், நமக்கு வேண்டியதும் அதுதான். சிஸ்கன்ட்ரோலுக்கு என்றே அன்சிபிள்.போசிக்ஸ் தொகுப்பில் தனி மாட்யூல் இருக்கிறது, அதை எடுத்தால் இந்தப் பாடே இல்லை.

கிரப்புக்கு எதிர்மறை முன்நோக்கு:

ரீஜெக்ஸ்: '^கிரப்_கமாண்ட்லைன்_லினக்ஸ்="(?!(?:.* )?ஆடிட்=1[ "])(.*)"$'
லைன்: 'கிரப்_கமாண்ட்லைன்_லினக்ஸ்="\1 ஆடிட்=1"'
பேக்ரெஃப்ஸ்: ஆம்

திறக்கும் மேற்கோளுக்குப் பின் நின்று, எங்காவது ஆடிட்=1 ஒரு முழுச் சொல்லாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் பொருந்தாது, பேக்ரெஃப்ஸ் காரணமாக ஃபைல் தொடப்படாது. '[ "]' இல்லாவிட்டால் ஆடிட்=10 என்பதும் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று கணக்காகும். பெயரை ஒட்டி '=' இருப்பதால் _டீஃபால்ட் என்று முடியும் அடுத்த வேரியபிள் தப்பிக்கிறது. \1-க்குப் பின் இடைவெளி இருப்பதால் முகில்வண்ணன் சொன்ன சிக்கல் இங்கே இல்லை.

இதன் பலவீனம்: அந்த வரியே ஃபைலில் இல்லையென்றால், அல்லது சிங்கிள் கோட்டில் எழுதியிருந்தால், ஒன்றும் நடக்காது, 'ஓகே' என்றே வரும். ஆடிட்=0 முன்பே இருந்தால் அதை ரிப்ளேஸ் மாட்யூலால் முதலில் எடுத்துவிடுங்கள். மாற்றிய பின் அப்டேட்-கிரப் ஓட ஹேண்ட்லர் வையுங்கள்.

குழலி_இன்ஃப்ரா

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் இந்த மூன்று ஃபைல்களுக்கும் ரீஜெக்ஸே தேவையில்லை என்பது என் நிலை. அடுத்தவர் எழுதிய ஃபைலின் விளக்க வாக்கியம் எங்கே உடைகிறது என்பதை நம் பேட்டர்ன் நம்பியிருந்தால், பேக்கேஜின் அடுத்த பதிப்பில் அது மறுபடி உடையும்.

எஸ்எஸ்ஹெச்: 'இன்க்ளூட்' ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2-இல் வந்தது. டெபியன் 12, உபுண்டு 22.04 இரண்டிலும் அந்த வரி முதன்மை ஃபைலின் உச்சியில் இருக்கிறது. 00-பாஸ்வேர்டு.கான்ஃப் என்று ஒரே ஒரு வரி கொண்ட ஃபைலை 'காப்பி' மாட்யூலால் வையுங்கள். முதலாவது வெல்லும், அதனால் 00 என்று தொடங்கும் பெயர் 50-ஐ முந்தும். ரெட்ஹேட் 8-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.0 என்பதால் இது நடக்காது, அங்கே மட்டும் செங்குன்றனின் பேட்டர்ன்.

போஸ்ட்கிரெஸ்: டெபியன் பேக்கேஜ் கான்ஃப்.டி டைரக்டரியை முதன்மை ஃபைலின் இறுதிப் பகுதியிலேயே சேர்த்துத் தருகிறது. போஸ்ட்கிரெஸில் கடைசியாக வந்த மதிப்பு வெல்லும், அதனால் இங்கே 99 என்று தொடங்கும் பெயர். ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் எழுதப்பட்டது இதையும் மீறும், அந்த ஆட்டோ.கான்ஃப் ஃபைலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரப்: டெபியன், உபுண்டு இரண்டிலும் /இடிசி/டீஃபால்ட்/கிரப்.டி டைரக்டரியில் உள்ள .சிஎஃப்ஜி ஃபைல்களும் ஷெல் ஸ்கிரிப்டாகப் படிக்கப்படும். அதில் பழைய மதிப்பையே டாலர் குறியுடன் திரும்ப அழைத்து, பின்னால் ஆடிட்=1 சேர்த்து ஒரு வரி எழுதினால் முடிந்தது. முன்நோக்கும் வேண்டாம், மேற்கோள் எந்த வகை என்ற கவலையும் வேண்டாம்.

ரீஜெக்ஸைத் தவிர்க்க முடியாத இடத்தில் பப்பெட்டின் (அன்சிபிள் போன்ற இன்னொரு கருவி) ஃபைல்_லைன் நடந்துகொள்ளும் விதம் எனக்கு அதிகம் பிடிக்கும். பல வரிகள் 'மேட்ச்'-க்குப் பொருந்தி, 'மல்டிபிள்' கொடுக்கப்படவில்லை என்றால், அது எதையும் தொடாமல் பிழை சொல்லி நிற்கும். இங்கே கேட்ட முதல் கேள்வி பப்பெட்டில் முதல் ஓட்டத்திலேயே சிவப்பாகத் தெரிந்திருக்கும். அன்சிபிளில் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால், முன்னால் 'கிரெப்' கட்டளையைச் சிறிய சி ஆப்ஷனுடன் ஓட்டி, எண்ணிக்கை 1-க்கு மேல் போனால் 'ஃபெயில்' ஆக்குங்கள். 0 வந்தால் கிரெப் தோல்விக் குறியீடு தரும், அதை 'ஃபெயில்டு_வென்' கொண்டு தனியாகக் கையாளுங்கள்.

பப்பெட்டுக்குப் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்க: ரெக்சப்ஸ்ட் (உரையை மாற்றும் ஃபங்ஷன்) இயல்பாக முதல் பொருத்தத்தை மட்டும் மாற்றும், எல்லாவற்றையும் மாற்றப் பெரிய ஜி ஃபிளாக் வேண்டும். அன்சிபிளின் ஃபில்டர் இயல்பாகவே எல்லாவற்றையும் மாற்றும். மேலும் ரூபியில் (பப்பெட்டின் ரீஜெக்ஸுக்கு அடிப்படையான மொழி) ^-உம் $-உம் எப்போதும் வரியின் எல்லைகள், உரையின் எல்லைகள் அல்ல. பயனர் கொடுத்த மதிப்பைச் சரிபார்க்க அவற்றை நம்பினால், இரண்டாவது வரியில் எதையும் வைத்து உள்ளே அனுப்பலாம். அங்கே பேக்ஸ்லாஷ்-பெரிய ஏ, பேக்ஸ்லாஷ்-சிறிய இசட்.

நெய்தல்_ஆப்ஸ்

00-பாஸ்வேர்டு.கான்ஃப் வைத்து, பெரிய டி வெளியீட்டில் 'நோ' வருவதை மூன்று வகை சர்வர்களிலும் உறுதி செய்தாயிற்று. தனி ஃபைலுக்கு 'வேலிடேட்' போட்டால் அந்த ஒரு வரியை மட்டும்தானே சோதிக்கும்?

குழலி_இன்ஃப்ரா

ஆம். அதனால் ஹேண்ட்லரில் ரீலோடுக்கு முன், எஃப் ஆப்ஷன் இல்லாமல் எஸ்எஸ்ஹெச்டி சிறிய டி-யை ஒரு தனி டாஸ்க்காக ஓட்டுங்கள், முழு அமைப்பும் சோதனையாகும். மேட்ச் பிளாக் உள்ள சர்வர்களில் பெரிய டி-யோடு பெரிய சி ஆப்ஷனும் சேர்த்து, எஸ்எஃப்டிபி பயனர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பொது மதிப்பு மட்டுமே தெரியும். பழைய டாஸ்க் அறுத்துவிட்ட விளக்கப் பத்தியைப் பேக்கேஜின் மூல ஃபைலிலிருந்து மீட்டுவிடுங்கள். பிறகு லைன்இன்ஃபைல் டாஸ்க்கை அழித்தால் மட்டும் போதாது, அது சேர்த்த வரி சர்வரில் அப்படியே இருக்கும். 'ஸ்டேட்: ஆப்சென்ட்' வைத்து ஒரு முறை ஓட்டிவிட்டு அழியுங்கள். அந்த ரீஜெக்ஸிலும் '^பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ$' என்று இரு முனையும் கட்டுங்கள், ஏனென்றால் 'ஆப்சென்ட்' கடைசி வரியோடு நிற்காது, பொருந்தும் எல்லா வரிகளையும் நீக்கும்.